மருமகனுக்கு ஒரு சாயாத வண்டி

1

போன சனிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு ஹெல்கா தன் புருஷன் டீட்டரோடு மாடியேறி வந்தாள். கையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். கடைக்காரர்கள் வீடு வீடாக அனுப்பும் சாமான் பட்டியல் அது. படமும் விலையும் போட்டிருக்கும். அவர்கள் மகனுக்கு ஒன்றரை வயது. அவனுக்கு முதல் வண்டி வாங்க வேண்டுமாம். உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போகிற சின்ன வண்டி. எதை வாங்கினால் சாயாது என்று கேட்க என்னிடம் வந்திருக்கிறார்கள்.

என்னிடம் ஏன் என்றால், இந்தத் தெருவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுகிற ஒரே பையன் என் மகன் குமரன். ஒன்பது வயது. அவனைப் பெற்றவளுக்கு வண்டி விஷயம் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் இஞ்சினியர். இந்த ஜனங்களிடம் நான் கண்ட குணம், ஒரு தேங்காய்த் துருவியைக்கூட அதைப் பற்றி நாலு பக்கம் படிக்காமல் வாங்க மாட்டார்கள். மூன்று சக்கரமா நான்கு சக்கரமா, மரமா பிளாஸ்டிக்கா, உட்காரும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டீட்டர் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தான். நம் பக்கம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

"உன்னுடைய முதல் வண்டி எது?" என்று ஹெல்கா குமரனிடம் கேட்டாள்.

"ஞாபகம் இல்லை" என்று அவன் ஜெர்மனில் சொல்லிவிட்டு, படித்துக்கொண்டிருந்த படக்கதையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"என் அண்ணன் செய்தது" என்றேன் நான்.

"உன் அண்ணனுக்குத் தொழிற்சாலை இருக்கிறதா?"

"வாடகை சைக்கிள் கடை."

"வண்டியின் எடை?" டீட்டர் பேனாவைத் திறந்தான்.

"எடை தெரியாது. தூக்க இரண்டு ஆள் வேண்டும்."

டீட்டர் அதையும் கட்டத்துக்குள் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டான். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே நான் தனியாகச் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று வீட்டுக்காரர் வந்து கேட்டார். "குற்றாலிங்கம்" என்று அண்ணன் பேரை மட்டும் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தோள்பட்டையைத் தடவிக்கொண்டார்.

2

அண்ணனுக்குத் தென்காசிக் கோயில் ரத வீதியில் கடை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிற சைக்கிள்கள் வாசலில் வரிசையாக நிற்கும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஊர் என்றால் அண்ணனும் செண்பகம் மதினியும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குமரன் பிறந்தபோது ஊருக்குத் தந்தி கொடுத்தோம். பதிலுக்கு அண்ணன் எழுதிய கடிதத்தில் வாழ்த்து ஒரு வரி. மீதிப் பக்கமெல்லாம் காதுகுத்து.

"எனக்கு இருப்பது ஒரு தங்கச்சி. அவளுக்கு இருப்பது ஒரு பிள்ளை. அவன் காது பண்பொழித் திருமலைக் கோயிலில் என் மடியில் வைத்துத்தான் குத்தப்பட வேண்டும். நான் நேர்ந்துகொண்டு விட்டேன். அங்கே யாரும் ஆர்வக்கோளாறில் குத்திவிட வேண்டாம்."

அடுத்த இரண்டரை வருடம் வந்த கடிதங்கள் எதை எடுத்தாலும் இதில்தான் முடியும். மழை இல்லை, காதுகுத்து எப்போது? மதினிக்கு மூட்டுவலி, காதுகுத்து எப்போது?

என் வீட்டுக்காரர் தொழிற்சாலைக்குக் கோடையில் மூன்று வாரம் விடுமுறை. அது நம் ஆடி மாதத்தில் வந்து விழுகிறது. ஆடியில் காது குத்த முடியுமா? ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வரை இருப்பதென்றால் இன்னும் இரண்டு வாரம் லீவு வேண்டும். அதற்கு ஒரு படிவம், அதில் காரணம் எழுத ஒரு கட்டம். வேறு யாராவது என்றால் பாட்டி செத்துப்போனாள் என்று எழுதியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் அரிச்சந்திரன் பரம்பரை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். லீவு அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"காது குத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"இரண்டு நிமிஷம்."

"அதற்கு ஐந்து வாரமா?"

"என் மனைவியின் அண்ணன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும்."

"அவர் டாக்டரா?"

"இல்லை. சைக்கிள் கடை வைத்திருக்கிறார்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அவர் இங்கே வரலாமே?"

"அவர் வரலாம். கோயில் வராது."

அந்த மனிதர் படிவத்தை முன்னால் இழுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால், அடுத்த மூன்று வருடத்துக்கு இப்படி நீண்ட லீவு கேட்கக் கூடாது என்று ஒரு குறிப்பும் எழுதிவிட்டார். ஆக, அண்ணனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முகூர்த்தம். அதை விட்டால் பிள்ளை ஆறு வயசுக்காரனாக வந்து நிற்பான்.

3

தென்காசி ரயில் நிலையத்தில் அண்ணன் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சலவை வேட்டி, காதுவரை போகிற மீசை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ரயில் நிற்பதற்கு முன்பே "ஏலே மருமவனே!" என்று ஒரு சத்தம் போட்டான். அவன் சாதாரணமாகப் பேசினாலே எதிர்த்தெருவுக்குக் கேட்கும். குமரனுக்கு அப்போது இரண்டரை வயது முடிந்திருந்தது. நாங்கள் இருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பான். பிள்ளை அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டான் பாருங்கள் ஒரு கூப்பாடு, எஞ்சின் ஊதியது யாருக்கும் கேட்கவில்லை.

முதல் நாள்தானே, பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. மதினியிடம் போனான். பால்காரரிடம் போனான். அண்ணன் கையை நீட்டினால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். அண்ணன் மீசையின் நுனியைக் கத்தரித்துப் பார்த்தான். கையில் கிரீஸ் வாடை அடிக்கிறது என்று சந்தன சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தான்.

"பிள்ளைக்குத் தமிழ் புரியலையோ என்னமோ. அவன் பாஷையில வான்னு எப்படிட்டி கூப்புடணும்?" என்று என்னிடம் கேட்டான்.

"கொம்னு சொல்லணும்."

"கொம்! ஏலே கொம்! கொம்முலே!"

பிள்ளை கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளிப் போய்விட்டான்.

என் மாமனார் ஆய்க்குடியிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து நிலவரம் பார்த்துவிட்டுப் போவார். சாஸ்திரத்தில் நூல் பிசகக் கூடாத மனிதர். "தாய்மாமன் மடியில இருந்து குத்துனாத்தான் அது காதுகுத்து. இல்லன்னா அது வெறும் ஓட்டை, தெரிஞ்சுக்கிடுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அண்ணன் தலையாட்டுவான். அவன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத்தான் ஆற்றாமையாக இருக்கும். ஊரைக் கூட்டிச் சண்டை போடுகிற ஆள், இரண்டரை வயசுப் பயலிடம் தோற்றுப் போய் நின்றான்.

நாலாவது நாள் ஒரு விஷயம் நடந்தது. மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு அண்ணனுக்குக் காப்பி கொண்டு போனாள். பிள்ளை இடுப்பிலிருந்து இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சிரித்தானாம். அண்ணன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"பிள்ளைக்கு வண்டின்னா உசிரு. வண்டி குடுத்தா மாமன்ட்ட வந்துருவான்" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

மறுநாள் குற்றாலத்தில் நல்ல சாரல். அண்ணன் அருவிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் கடைவீதிக்குப் போய், மரச்செப்பு விற்கிற இடத்தில் ஒரு நடைவண்டி வாங்கி வந்தான். சிவப்பும் பச்சையும் பூசிய மூன்று சக்கர வண்டி. நம் பிள்ளைகள் எழுந்து நிற்கப் பழகும்போது பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. குமரனோ நடப்பதை விட்டு ஓடுகிற வயசில் இருக்கிறான். ஜெர்மனியில் உட்கார்ந்து தள்ளுகிற வண்டியைப் பார்த்தவன். நடைவண்டியின் கைப்பிடிச் சட்டத்தில் ஏறிக் குதிரை மாதிரி உட்கார்ந்தான். வண்டி ஒரு பக்கம் போனது, பிள்ளை ஒரு பக்கம் போனான். மூக்கில் சிராய்ப்பு. அழுகையின் நடுவே அண்ணனைப் பார்த்து விரல் நீட்டினான். மாமன் கொடுத்தான், நான் விழுந்தேன் என்று அவனுக்குக் கணக்கு நேராகிவிட்டது.

4

இங்கே ஹெல்கா கொண்டு வந்த புத்தகத்தில் ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும் ஒரு முத்திரை போட்டிருந்தது. சோதித்துப் பார்த்தது, சாயாது என்று அர்த்தமாம். யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று அவளிடம் கேட்டேன். அதற்கென்று ஆய்வுக்கூடம் இருக்கிறது என்றாள். எங்கள் ஆய்வுக்கூடம் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை.

மூக்கில் சிராய்ப்போடு இருந்த பிள்ளையை மதினி தூக்கிக்கொள்ள, அண்ணன் எங்களை அந்தக் கடைக்குக் கூட்டிப் போனான். மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் படிக்கல். பன்னிரண்டு கிலோவும் சொச்சமும். அதே எடைக்குப் புழுங்கல் அரிசி வாங்கி ஒரு துணிப்பையில் கட்டி, பைக்கு நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி இடுப்பு என்றான். மேல் பாதி தலையும் நெஞ்சும். கீழ்ப் பாதி மற்றது.

அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று சக்கர சைக்கிள் விற்கிற கடை ஒவ்வொன்றிலும் ஏறினான். இருக்கையில் பையை வைப்பான். கைப்பிடியை ஒரு பக்கம் ஒடித்துத் திருப்புவான். பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளுவான். பை தொபீர் என்று விழும். "சாயுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவான்.

மூன்றாவது கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அரிசி மூட்டை எங்கயாவது சைக்கிள் ஓட்டுமா?"

"மூட்டை சும்மா இருக்கும்லா வே. சும்மா இருக்கும்போதே சாயுது. என் மருமவன் சும்மா இருப்பானா?"

"பிள்ளைன்னா நாலு தடவ விழத்தான் செய்யும். விழாம யாரு சைக்கிள் படிச்சா? நீங்க விழலையா?"

"நான் விழுந்தா எங்க மாமன் என்னைத் தூக்குனாரு. இவன் விழுந்தா என்னையத் தூக்க விடமாட்டேங்கானே!"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். சாயாத வண்டிக்கு அண்ணன் ஏன் இப்படி அலைகிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னொரு முறை அவன் கொடுத்த வண்டியில் பிள்ளை விழுந்தால் முகூர்த்தம் அதோடு போனது.

உயரம் குறைவாக இருக்க வேண்டும், அகலம் கூட இருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கைப்பிடி முழுசாக ஒடித்துத் திரும்பக் கூடாது. கடைகள் ஏறி இறங்கி அண்ணன் கண்டுபிடித்தது இது. டீட்டர் இரண்டு மாதம் புத்தகம் படித்து எழுதிய தாளிலும் இதே நாலு விஷயம்தான் இருந்தது. அரிசிப் பை இல்லாததால் அவனுக்கு நேரம் கூட ஆகியிருக்கிறது.

5

"கடையில விக்கிறது எல்லாம் தகரம். நானே செஞ்சுருதேன்" என்று அண்ணன் கடையை அடைத்தான். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். செங்கோட்டைச் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் எட்டு நாள் போய் உட்கார்ந்தான். பழைய சைக்கிளின் குழாய்களை வெட்டி, அது ஆடுகிறது என்று உள்ளே கம்பி கொடுத்து, அதுவும் போதாது என்று குறுக்கே பட்டைச் சட்டம் அடித்து, கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்த நாலு தள்ளுவண்டிச் சக்கரங்களை மாட்டினான். தேக்குப் பலகையில் இருக்கை. கைப்பிடியில் அசல் சைக்கிள் மணி.

வெல்டிங்காரர் செங்கோட்டைக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "கொள்ளாம் அண்ணாச்சி, நல்லாருக்கு. பிள்ளைக்கா, ஆனைக்கா?"

வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசலில் நுழையவில்லை. அண்ணன் வண்டியைக் குறைக்க மனமில்லாமல் கதவைக் கழற்றி வைத்தான். நடுக்கூடத்தில் அரிசிப் பையை ஏற்றி எல்லாப் பக்கமும் தள்ளினான். அசையவில்லை. தான் ஏறி ஒற்றைக் காலில் நின்றான். அசையவில்லை. "ஏ செண்பகம், நீ ஒரு தடவ ஏறி இரி" என்றான்.

"நான் என்ன அரிசி மூட்டையா? போங்க சோலியப் பாத்துக்கிட்டு" என்று மதினி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"மலையே சாஞ்சாலும் இது சாயாதுட்டி கோமு" என்று என்னிடம் சொன்னான். என்னைக் கோமதி என்று முழுப் பேரால் அவன் கூப்பிட்டதே இல்லை.

பிள்ளை தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான். மணியை ஒருமுறை அடித்தான். இன்னொருமுறை அடித்தான். பிறகு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். வண்டியின் கனத்துக்கு ஒரு உந்தலில் ஒரு சாண் தூரம்தான் நகரும். ஆனால் போகிற சத்தம் தேர் போகிற சத்தம். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. அன்று முழுவதும் இறங்கவில்லை. சோறு வண்டியில், பால் வண்டியில், தூக்கமும் வண்டியில். கைப்பிடி மேல் கன்னத்தை வைத்துத் தூங்குகிறவனை மதினி மெல்லப் பிரித்தெடுத்துப் படுக்க வைப்பாள்.

அண்ணன் ஜெயித்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பின்னாலிருந்து தள்ள மாமனுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் தூக்க வந்தால் பழையபடி கூப்பாடு. வண்டியைப் பிடித்துப்போன அளவுக்கு வண்டி செய்தவனைப் பிடிக்கவில்லை. இப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிவதற்குப் பதில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டான். எங்கள் நிலைமை முன்னைவிட மோசம். முன்னே பிள்ளையை மட்டும்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது இரும்பிலிருந்து பிரித்து வேறு எடுக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருந்தது. அதற்கு மறுநாள் எங்களுக்கு ரயில்.

6

நடுவில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி இங்கே வரவில்லை. ஆளுக்கு இருபது கிலோதான் கொண்டு வரலாம் என்பது விமானக்காரர்கள் கணக்கு. வண்டியைக் கொண்டுவந்திருந்தால் நான் புளியும் வற்றலும் கட்டியிருக்க முடியாது, அநேகமாகச் சேலையும். கப்பலில் அனுப்பலாம் என்று பார்த்தோம். இங்கே சுங்க அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, அது விளையாட்டுச் சாமானா, வாகனமா என்று முதலில் தெரிய வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் எடையை உத்தேசமாகச் சொன்னார். அப்படியானால் விளையாட்டுச் சாமான் இல்லை என்றார்கள். நான்கு சக்கரம், மணி உண்டு என்றார். வாகனம் என்றால் பிரேக் எங்கே என்று கேட்டார்கள். விட்டுவிட்டோம்.

குமரனுக்கு அந்த வண்டி நினைவில்லை. தென்காசி என்றால் அவனுக்கு ஒரு நீல நிற உறை, அதற்குள் இரண்டு பக்கம் அப்பாவும் அம்மாவும் படித்துச் சிரிக்கிற எழுத்து. கடைசியில் ஒரு வரி தமிழில் எழுது என்று நான் தாளை நீட்டுவேன். "மாமா நலமா, நான் நலம்" என்று எழுதுவான். போன மாதமும் அதே வரி, அதற்கு முந்தின மாதமும் அதே வரி. எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதி முடித்தவன் மாதிரி பேனாவை வைத்துவிட்டு ஓடிவிடுவான். அண்ணன் அந்த ஒரு வரிக்குத் தனியாகப் பதில் எழுதுகிறான், ஒரு பக்கத்துக்கு. எனக்கு அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது வலிக்கத்தான் செய்கிறது. பாதிச் சொல்லுக்கு நான் ஜெர்மனில் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. காதுத் துளைகள் இரண்டும் தூர்ந்து, பருவைக் கிள்ளிய தழும்பு மாதிரி இருக்கின்றன. பள்ளியில் யாரோ கேட்டதற்கு அம்மை போட்டது என்று சொல்லியிருக்கிறான்.

 இதை எழுதத் தொடங்கியதற்கு ஹெல்கா பாதிக் காரணம் என்றால், அவன் அப்படிச் சொன்னது மீதிப் பாதி.

7

காதுகுத்து அன்று காலை ஒரு வாடகைக் காரில் பண்பொழிக்குப் போனோம். வண்டியைக் கொண்டுவர யாருக்கும் எண்ணமில்லை. தெருமுனை திரும்புவதற்குள் பிள்ளை போட்ட சத்தத்தில் டிரைவர் தானாகவே காரைத் திருப்பிவிட்டார். பின்பக்கம் மூடி மூடாமல் கயிறு போட்டுக் கட்டி வண்டியும் கூட வந்தது.

மலை அடிவாரத்தில் அண்ணன் சொன்னான். "வண்டி இங்கனயே கெடக்கட்டும். இவ்வளவு படியில யாரு தூக்குதது?" பிள்ளை ஈரத்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம். அண்ணன் வானத்தைப் பார்த்தான், படிகளைப் பார்த்தான், தலையில் துண்டைச் சும்மாடு கட்டினான்.

"மாப்ளே, ஒரு கை பிடிங்க."

என் வீட்டுக்காரரும் டிரைவருமாகத் தூக்கி ஏற்றிவிட, அண்ணன் வண்டியைத் தலையிலும் தோளிலுமாகத் தாங்கிக்கொண்டு படியேறத் தொடங்கினான். வண்டி போகிறதே என்று பிள்ளை எழுந்து அப்பாவிடம் ஏறிக்கொண்டான். சாரலில் படி வழுக்கியது. ஒவ்வொரு அடிக்கும் மணி தானாக அடித்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். ஒரு வயசாளி கைகூப்பினார். "சைக்கிள் காவடி போல. என்ன வேண்டுதலோ, பாவம்" என்று ஒரு அம்மாள் சொன்னாள். அவள் கூட வந்தவர்கள் "அரோகரா" என்றார்கள். அண்ணனுக்கு மூச்சு இல்லை, இருந்தாலும் அவனும் "அரோகரா" என்றான். மண்டபத்தில் இளைப்பாற இறக்கியபோது யாரோ ஒருவர் வண்டிக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார். அங்கிருந்து கொஞ்ச தூரம் என் வீட்டுக்காரர் தூக்கினார். அந்தத் தோள்பட்டை வலிதான் போன சனிக்கிழமை அவருக்கு நினைவு வந்தது.

மேலே போய்ப் பிள்ளைக்கு மொட்டை போட்டது வண்டியில் வைத்தே நடந்தது. அதற்குத் தடையில்லை. பிறகு அண்ணன் முகம் கழுவி, புது வேட்டி உடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியைத் துண்டால் துடைத்துக்கொண்டான். ஆசாரி பக்கத்தில் தங்கக் கம்பியோடு தயார். மதினி பிள்ளையை வண்டியிலிருந்து எடுக்கப் போனாள். கைப்பிடியை விடவில்லை. நான் போனேன். விடவில்லை. என் வீட்டுக்காரர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றைப் பிரித்தால் இரண்டு பிடித்துக்கொண்டது. மொட்டைத் தலை செக்கச் சிவந்து, பிள்ளைக்கு மூச்சு அடைத்து விக்கலே வந்துவிட்டது.

"நேரம் போகுது" என்றார் மாமனார்.

அண்ணன் எழுந்துவிட்டான். "பிள்ளைய அழ வைக்காதீங்க. அவங்க அப்பா மடியில வச்சே குத்துங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, தூண் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழைத்தண்ணீர் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அவனுடைய தங்கச்சிக்குத் தெரியாதா? எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. பிள்ளை மேலா, ரயில் மேலா, மூன்று வருடம் என்று எழுதிய அந்த அதிகாரி மேலா.

"அண்ணே, நீ உக்காரு" என்று கத்தினேன். "இறங்க மாட்டான்னா இறங்க வேண்டாம். வண்டியோட தூக்கி மடியில வைங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் உட்கார்ந்தான். இரண்டு பேர் வண்டியை, மேலே பிள்ளையோடு, தூக்கி அவன் தொடைகளின் மேல் வைத்தார்கள். அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். அவ்வளவுதான். எட்டு நாள் பார்த்துப் பார்த்து ஏற்றிய இரும்பு முழுவதும் அவன் மடிக்கு வந்துவிட்டது.

"நடுவுல இரும்பு இருக்கே, இது மடியில சேருமா?" என்று மாமனார் இழுத்தார்.

ஆசாரி கம்பியை நிமிர்த்திக்கொண்டே சொன்னார். "வேட்டி இருந்தா ஒத்துக்கிடுதோம், துண்டு விரிச்சா ஒத்துக்கிடுதோம். இரும்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? பிள்ளையப் பிடிங்க."

வலது காது ஆயிற்று. பிள்ளையின் அலறலோடு மணியும் சேர்ந்து அடித்தது. ஆசாரி இந்தப் பக்கம் வந்து இடது காதைப் பிடித்தார். எல்லார் கண்ணும் கம்பியின் மேல் இருந்தது. அந்த நேரத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கைப்பிடி கையை விட்டுப் போக, பிள்ளை பின்னால் சாய்ந்து அண்ணன் நெஞ்சில் விழுந்தான். விழுந்தவன் இரண்டு கையாலும் கிடைத்ததைப் பற்றிக்கொண்டான். கிடைத்தது மாமன் மீசை. வண்டி கல்தளத்தில் ஒரு புரளல் புரண்டு, நாலு சக்கரத்திலும் நேராக நின்றுகொண்டது. ஆசாரி கைகாரர். அந்த ஒரு நொடியில் இடது காதையும் முடித்துவிட்டார்.

"இடது காது சொந்த மடி" என்றார் மாமனார், திருப்தியாக.

பிள்ளை மீசையை விடவில்லை. முகத்தை மாமன் கழுத்தில் புதைத்துக்கொண்டு தேம்பினான். அண்ணனுக்கு மீசை போன வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று மதினி சொன்னாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இறங்கும்போது பிள்ளை அண்ணன் தோளில் தூங்கிவிட்டான். வண்டியை என் வீட்டுக்காரரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பின்னால் முனகிக்கொண்டே வந்தார்கள். அண்ணன் இரண்டு காலையும் அகட்டி அகட்டி வைத்து நடந்தான். தொடையில் சட்டம் பதிந்த இடம் நாலு நாளைக்கு நீலமாக இருந்ததாம். நான் அவன் பக்கத்தில் இறங்கிக்கொண்டே சீண்டினேன்.

"மலையே சாஞ்சாலும் சாயாதுன்னியே அண்ணே. கடைசியில ஒன் வண்டியும் கவுந்துட்டுல்லா?"

அண்ணன் படியில் நின்றான். பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று, வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஏ கோமு, நான் செஞ்ச வண்டிட்டி அது. தானாச் சாயுமா?"